பிணைப் பிள்ளைகள்

சின்னசேலத்தில் எனக்கு ஒரு வாசகி உண்டு. ஆரம்பப் பள்ளியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஊரில் எல்லாரும் அவரை 'டீச்சர்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர்கதை எழுதினேன். கல்வராயன் மலையில் நடக்கிற கதை. வங்கி அதிகாரி ஒருவரின் மகளை நாலு பேர் கடத்திக்கொண்டு போய் மலைக்குள் ஒரு குகையில் வைத்துவிடுகிறார்கள். பதினொரு நாள். மீட்கப் போகிற சப்-இன்ஸ்பெக்டர் இளைஞன், பிரம்மச்சாரி, பார்க்க நன்றாயிருப்பவன். மீதிக் கதையை நீங்களே எழுதிவிடலாம். "காதலும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று ஆசிரியர் டெலிபோனில் சொல்லியிருந்தார். கொஞ்சம் வைத்தேன்.

கதை முடிந்த வாரத்தில் டீச்சரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. "தம்பி, கதையைப் படித்தேன். அந்தப் பெண் பதினொரு நாளும் என்ன சாப்பிட்டாள்? தலை எப்போது வாரினாள்? கடத்தின நாலு பேரில் ஒருவனாவது அவளிடம் உன் பெயர் என்ன என்று கேட்டானா? சப்-இன்ஸ்பெக்டர் மேல் அவளுக்கு எப்போது பிரியம் வந்தது? பன்னிரண்டாவது வாரத்தில் அவனைப் பார்த்தாள்; பதினெட்டாவது வாரத்தில் மாலை போட்டாள். நடுவில் வந்த இதழ் எதையாவது எங்கள் வீட்டு எலி தின்றுவிட்டதோ என்று தேடிப் பார்த்தேன். எலி தின்னவில்லை. எல்லா இதழும் இருக்கிறது."

எனக்குப் பாராட்டுக் கடிதங்கள் வந்ததுண்டு. வசைக் கடிதங்களும் வந்ததுண்டு. இந்த மாதிரிக் கடிதம் அதற்கு முன் வந்ததில்லை. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. கல்வராயன் மலைக்காரர்கள் சாமையும் தினையும் விளைவிக்கிறார்கள், கடுக்காயும் புளியும் தேனும் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குகையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வேளை சாமைச் சோறு போட எனக்குத் தோன்றவில்லையே!

பிறகு 2022ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 'பீஸ்ட்' வந்தது. டீச்சரின் பேரன் என்னை அதற்கு அழைத்துக்கொண்டு போனான். விஜய் நடித்து, நெல்சன் இயக்கிய படம். சென்னையில் பெரிய வணிக வளாகம் ஒன்றைப் பயங்கரவாதிகள் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற ஜனங்களைப் பணயமாக வைத்துத் தங்கள் தலைவனை விடுவிக்கக் கேட்கிறார்கள். ஒரு குழந்தை இறந்ததை மறக்க முடியாமல் வேலையை விட்டுவிட்ட உளவுத்துறைக்காரர் தற்செயலாக உள்ளே இருக்கிறார். நல்ல ஆரம்பம்தான். கதாநாயகியும் அதே கட்டடத்துக்குள்தான் இருக்கிறாள். ஆனால் அவள் அங்கே இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் கதைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. பாட்டுக்கு ஆடினாள், பிறகு கூட்டத்தோடு உட்கார்ந்தாள். உள்ளே அடைபட்ட அத்தனை பேரில் இரண்டு மூன்று விகடகவிகளைத் தவிர யாருடைய முகமும் மனசில் நிற்கவில்லை. முடிவில் கதாநாயகர் போர் விமானத்தில் ஏறி அடுத்த நாட்டுக்கே போய்விட்டார். கொட்டகையில் விசில் அடித்தார்கள். பேரன் மட்டும் என்னைப் பார்த்து, "உங்க கதை மாதிரியே இருக்குது அங்கிள்" என்றான். பாட்டியின் ரத்தம்.

அன்று ராத்திரி எனக்கு அந்தப் படத்தின் மேல் கோபம் வரவில்லை. பங்காளி உறவுதான் தோன்றியது. இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறோம். அடைபட்டவர்களுக்கு இருக்கிற ஒரே சொத்து நேரம். விடிந்து, பொழுதேறி, இருட்டி, மறுபடி விடிகிற நேரம். அதைக் கண்டுதான் எழுதுகிறவன் பயப்படுகிறான். முதல் நாளையும் கடைசி நாளையும் எழுதிவிட்டு நடுவைத் தாண்டிவிடுகிறான். காதல் வளர்வது நடுவில்தான்; அதனால் அதுவும் வளராமல் போய்விடுகிறது. 1999 டிசம்பரில் காட்மண்டுவிலிருந்து டில்லிக்கு வந்த விமானத்தைக் கடத்திக் காந்தஹாருக்குக் கொண்டுபோனார்களே, அதில் கல்யாணமாகிச் சில வாரங்களே ஆன ஒரு தம்பதி இருந்தார்கள். கணவனைக் கொன்றுவிட்டார்கள். எட்டு நாள் அந்த விமானத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும், என்ன பேசாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அங்கே காதலைக் 'கலக்க' வேண்டிய அவசியமே இல்லை.

இந்த நினைப்போடுதான் நான் சரித்திரத்துக்குப் போனேன். கதைக்காரர்கள் செய்கிற தப்பைச் சரித்திரக்காரர்கள் செய்திருக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதில் மண் விழுந்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் ஒரு சொல் விஷயம். 'பணயக் கைதி' என்பது பத்திரிகைகள் பழக்கிவிட்ட சொல். பணயம் என்றால் சூதில் வைக்கிற பொருள்; பாரதத்தில் தருமர் திரௌபதியை வைத்தாரே, அது. கைதி அரபி மொழியிலிருந்து வந்தது. பழைய ஆட்கள் பிணை என்றார்கள். கச்சேரி வழக்கில் ஜாமீன். கைதி வேறு, பிணை வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். சோழனிடம் சிறைப்பட்டுக் கிடந்து, கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததற்காகக் குடிக்காமல் உயிர்விட்டான் என்று சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் பற்றிச் சொல்கிறார்களே, அவன் கைதி. தோற்றவன் தானே சிறைக்குப் போனான். பிணை அப்படி இல்லை. தோற்றவன் வீட்டில் இருப்பான். அவன் வாக்குத் தவறமாட்டான் என்பதற்கு ஈடாக வேறொருவர் போவார். அநேகமாகப் பிள்ளைகள்.

நம் பக்கத்துச் சரித்திரத்தில் அப்படிப் போன பிள்ளைகளில் பிரசித்தமானவர்கள் இரண்டு பேர். திப்பு சுல்தானின் மக்கள்.

கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1790இல் ஆரம்பித்த மூன்றாவது மைசூர் யுத்தத்தில் கும்பினியார், நிஜாம், மராட்டியர் மூவரும் ஒன்று சேர்ந்துகொண்டு திப்புவை நெருக்கினார்கள். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவே படை நடத்தினார். அமெரிக்காவில் 1781இல் யார்க்டவுனில் சரணாகதி அடைந்தவர். அந்த அவமானத்தை இங்கே கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. 1792 பிப்ரவரி 6ஆம் தேதி ராத்திரி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே இருந்த திப்புவின் அரண்களைத் தாக்கினார். அந்த மாதக் கடைசிக்குள் திப்பு சமாதானத்துக்கு இணங்கினான். ராஜ்யத்தில் பாதி போக வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தர வேண்டும். அதில் பாதி உடனே, மீதி தவணைகளில். தவணை தவறாமலிருக்க மூத்த பிள்ளைகள் மூவரில் இருவர் பிணையாக வர வேண்டும்.

பாதி ராஜ்யம் என்றால் அதில் நம் சேலமும் பாரமகாலும் திண்டுக்கல்லும் அடக்கம். சின்னசேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேலத்திலிருந்து கிழக்கே வருகிற சாலையில் ஆத்தூர் வரையில் மைசூர்ச் சீமை; அப்பால் ஆற்காட்டு நவாபின் சீமை. ஆத்தூர் 1792இல் கும்பினியார் கைக்குப் போயிற்று. கள்ளக்குறிச்சிப் பக்கம் சேர்ந்திருந்த தென்னாற்காட்டுச் சீமை 1801இல்தான் போயிற்று. இன்று பேருந்தில் அரைத் தூக்கம் போடுவதற்குள் கடந்துவிடுகிற தூரத்துக்கு நடுவே ஒன்பது வருஷம் கிடந்தது. ஆத்தூர்க்காரன் அலெக்சாண்டர் ரீடுக்கும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவுக்கும் தீர்வை கட்டிக்கொண்டிருந்தபோது, கிழக்கே இருந்தவன் நவாபின் குத்தகைக்காரனுக்குக் கட்டிக்கொண்டிருந்தான். கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு மேலே இருந்தார்கள். அந்த ஜாகீர் மலைகள் 1976இல்தான் முழுவதும் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரீடும் மன்றோவும் சேலத்துச் சீமையில் நிலம் அளந்ததிலிருந்து ரயத்துவாரி முறை பிறந்தது. அதற்கெல்லாம் பத்திரம் எழுதிக் கொடுத்த சமாதானத்துக்கு ஈடு, இரண்டு சிறுவர்கள்.

1792 பிப்ரவரி 26ஆம் தேதி அவர்கள் கோட்டையை விட்டு வெளியே வந்தார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி நமக்குத் தெரிந்தது போல் சரித்திரத்தில் வேறு நாட்களைப் பற்றித் தெரிவது அபூர்வம். படையிலிருந்த மேஜர் டிரோம் என்பவர் உடனிருந்து பார்த்து எழுதி 1793இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். மூத்தவன் அப்துல் காலிக், பத்து வயது. இளையவன் முயிஸுத்தீன், எட்டு வயது. வெள்ளி அம்பாரி வைத்த யானைகள் மேல் வந்தார்கள். முன்னே ஒட்டகைத் தூதர்களும் கொடிகளும், வெள்ளிப் பூண் போட்ட ஈட்டியோடு நூறு பேர், பின்னே சிப்பாய்கள். வெள்ளை மஸ்லின் அங்கி, சிவப்புத் தலைப்பாகை, கழுத்தில் முத்து வரிசைகள், கெம்பும் மரகதமும் பதித்த பதக்கம். கோட்டையில் மரியாதைக் குண்டு போட்டார்கள். கும்பினிப் பாளையத்தில் இருபத்தொரு குண்டு போட்டார்கள். கோட்டை வாசலுக்கு மேல் மதிலில் திப்பு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

காரன்வாலிஸ் கூடார வாசலுக்கு வந்து இரண்டு பேரையும் தழுவி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக உட்கார வைத்துக்கொண்டார். திப்புவின் வக்கீல் குலாம் அலி கான், இன்று காலை வரை இவர்கள் என் சுல்தானின் பிள்ளைகள், இனிமேல் தங்களைத்தான் தகப்பனாராக நினைக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் பேசினார். பிரபு ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். வெற்றிலை பாக்கும் அத்தரும் வழங்கினார்கள். சுற்றி நின்ற சோல்ஜர்களுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

எந்த சினிமா டைரக்டருக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்? ராபர்ட் ஹோம் என்ற சித்திரக்காரர் படையோடு கூடவே வந்திருந்தார். அந்தக் காட்சியைப் பெரிய படமாக எழுதி, ஒரு மூலையில் தன்னையும் வரைந்து வைத்துக்கொண்டார். படம் இப்போது லண்டனில் இருக்கிறது. இந்தியாவையே பார்த்திராத மேதர் பிரவுன் லண்டனில் உட்கார்ந்தபடி இந்தப் பிள்ளைகளை எழுதினார். இன்னும் சிலரும் எழுதினார்கள். அந்தப் படங்களை அச்சுப் போட்டு விற்றார்கள். குதிரை வித்தைக்குப் பேர்போன ஆஸ்ட்லியின் கொட்டகையில் திப்புவின் யுத்தத்தையே நாடகமாக ஆடினார்கள். சென்னையில் அதற்குச் சிலையும் உண்டு. கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிற காரன்வாலிஸ் சிலையை நீங்கள் பார்த்திருக்கலாம். தாமஸ் பேங்க்ஸ் என்ற லண்டன் சிற்பி செய்தது. அதன் பீடத்தில் புடைப்பாகச் செதுக்கியிருப்பது இந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கிற காட்சிதான். காரன்வாலிஸ் நினைவாக எழுப்பின மண்டபத்தால்தான் தேனாம்பேட்டையில் செனடாப் சாலை என்று பேர் வந்தது. அந்தச் சாலை வழியாகத் தினமும் லட்சம் பேர் போகிறார்கள். பேருக்குக் காரணமான பிரபு முதுகைத் திருப்பிக்கொண்டு கோட்டைக்குள் நிற்கிறார்.

சரி, மறுநாள்?

பெரிய ஏமாற்றம் இங்கேதான். பிப்ரவரி 26க்கு இத்தனை பக்கமும் இத்தனை வர்ணமும் செலவழித்தவர்கள், பிறகு வந்த இரண்டு வருஷத்துக்குச் சில வரிகளைத்தான் ஒதுக்கினார்கள். மார்ச் மாதத்தில் ஒரு தகராறு. குடகு நாட்டையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றவுடன் திப்பு பின்வாங்கினான். அன்றைக்குத் தகப்பனார் ஆன பிரபு, பிள்ளைகளோடு வந்திருந்த காவலர்களின் ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு, பிள்ளைகளைப் பாளையத்திலிருந்து கிளப்பச் சொன்னார். திப்பு இணங்கினான். 19ஆம் தேதி பத்திரத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற வேலையையும் அந்தச் சிறுவர்களிடமே வைத்தார்கள். மராட்டிய வக்கீல் பத்திரத்தை வாங்கிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். மூத்த பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன முணுமுணுப்பு என்று கேட்டு, உங்கள் எஜமானர்கள் அதிருப்திப்பட இதில் ஒன்றுமில்லையே, பேசாமலிருக்கலாமே என்று சொன்னானாம். டிரோம் இதையும் எழுதி வைத்திருக்கிறார்.

பத்து வயதுப் பையன்! தகப்பன் சொத்தில் பாதியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். வாங்குகிறவன் போதவில்லை என்பது போல் முனகுகிறான். அந்த ஒரு இடத்தில்தான் அவன் பொம்மையாக இல்லாமல் பையனாக இருக்கிறான். யானை, அம்பாரி, முத்து மாலை எல்லாம் போகட்டும். இந்த ஒரு பேச்சுக்காக டிரோமை நான் மன்னிக்கிறேன். ஆனால் இந்தக் காட்சியை யாரும் சித்திரமாக எழுதினதாக நான் கேள்விப்படவில்லை.

அப்புறம் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஜூன் மாதக் கடைசியில் போய்ச் சேர்ந்தார்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசம். கேப்டன் டவ்டன் என்பவர் பாதுகாவலர். பின்னால் ஜெனரலாகிவிட்ட இவருடைய பேரில்தான் நுங்கம்பாக்கத்தில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்குள் டவ்டன் மாளிகை இருக்கிறது. விருந்துகளுக்கும் நடனங்களுக்கும் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகள் பார்த்து மகிழ்ந்தார்கள். பணம் தவணை தவணையாக வந்தது. 1794 மார்ச்சில் டவ்டன் அவர்களைத் திப்புவின் பாளையத்துக்கே கூட்டிப் போய், தேவனஹள்ளியில், திப்பு பிறந்த ஊரிலேயே, ஒப்படைத்தார். இரண்டு வருஷமும் ஒரு மாதமும். என் கதாநாயகியின் பதினொரு நாளைப் போலவே இதுவும் தாண்டிப் போய்விட்டது. கோட்டைக்கு வெளியே அலைச் சத்தம் புதிதாகக் கேட்டபோது என்ன நினைத்தார்கள், சென்னை வெயிலில் அம்மை கிம்மை கண்டதா, அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டார்களா, தமிழில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டார்களா? டீச்சர் கேட்கிற கேள்விகள்தான் எல்லாம்.

இதில் காதல் எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதையும் சரித்திரம் எலிக்குப் போட்டுவிட்டது.

1774இல் திப்புவுக்குக் கல்யாணம் பேசினார்கள். தகப்பனார் ஹைதர் அலி, இமாம் சாகிப் பக்ஷி என்பவருடைய பெண்ணை நிச்சயம் செய்ய விரும்பினார். திப்புவுக்கும் அரண்மனைப் பெண்களுக்கும் வேறு பெண்ணின் மேல் மனசு. அவள் பெயர் ருக்கையா பானு. யுத்தத்தில் இறந்துபோன லாலா மியான் என்ற தளபதியின் மகள். ஹைதர் அலியோ பிடித்த பிடியை விடுகிறவர் இல்லை, பெண்களும் விடவில்லை. முடிவில் ஒரே ராத்திரியில் இரண்டு பெண்களையும் திப்புவுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். பிடிவாதங்களுக்கு நடுவே பங்கு பிரித்த மாதிரி. ஹைதர் அலிக்கு எதிராக நின்று ஒரு பெண்ணைக் கேட்பதென்றால் திப்பு என்ன சொல்லிக் கேட்டிருப்பான்? எந்தப் புத்தகத்திலும் ஒரு பேச்சு இல்லை. கல்யாணம் நடந்தது என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

அப்புறம் பதினெட்டு வருஷம் ருக்கையா பானுவைக் காணோம். அவளுடைய அண்ணனோ தம்பியோ புர்ஹானுத்தீன் திப்புவின் தளபதி. 1790இல் நம் சத்தியமங்கலத்துப் பக்கம் நடந்த சண்டையில் செத்தான் என்று அவன் பேர் வருகிறது. அவளுடைய பேர் மறுபடியும் வருவது 1792இல். பிப்ரவரி 6ஆம் தேதி ராத்திரித் தாக்குதலுக்குப் பிறகு சில நாளில் அவள் இறந்துபோனாள். பீரங்கிச் சத்தத்தில் ஏற்பட்ட திகிலால் என்கிறார்கள். மெல்லிய உடம்புக்காரி, அழகி என்று டிரோம் சேர்த்துக்கொள்கிறார்.

அவள்தான் முயிஸுத்தீனுடைய தாய்.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஹோம் எழுதின சித்திரத்தின் நகலை அத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சின்னப் பையன், சிவந்த நிறம், துருதுருவென்ற முகம். பார்த்தவர்கள் எல்லாருக்கும் அவனைத்தான் அதிகம் பிடித்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முத்து மாலை போட்டு, தங்கக் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்களே, அந்தப் பிள்ளை தாய் செத்து மூன்று வாரம்கூட ஆகாத பிள்ளை. அவளை மணந்தவன் மதில் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ராஜ்யத்தில் பாதி போயிற்று. விரும்பிக் கட்டிக்கொண்டவள் போய்விட்டாள். அவள் பெற்ற பிள்ளை யானை மேல் போகிறது. எதற்காக அவன் அன்று வாசலுக்கு மேல் வந்து நின்றான் என்று ராஜதந்திர காரணம் நூறு சொல்லலாம். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. திப்பு செய்த கொடுமைகளும் எனக்குத் தெரியும். குடகிலும் மலபாரிலும் அவன் பேர் எப்படி நினைக்கப்படுகிறது என்பதும் தெரியும். மதில் மேல் நிற்கிற ஆளை அதற்காகக் கீழே இறக்கிவிட முடியவில்லை.

கதைக்காரர்களாவது இதைப் பிடித்துக்கொண்டார்களா என்று பார்த்தேன். வால்டர் ஸ்காட் என்ற மகா நாவலாசிரியர் 1827இல் 'சர்ஜனின் மகள்' என்று ஒரு கதை எழுதினார். திப்புதான் அதில் வில்லன். ஸ்காட்லாந்துக் கிராமத்து டாக்டரின் மகளை, அவள் நம்பின காதலன் ஆசை காட்டிச் சென்னைக்கு வரவழைத்து, திப்புவின் அந்தப்புரத்துக்குக் கொடுத்துத் தான் முன்னேறப் பார்க்கிறான். அவளை மனசுக்குள் விரும்புகிற இன்னொரு டாக்டர், மாறுவேஷத்திலிருந்த ஹைதர் அலியின் தயவால் அவளை மீட்கிறார். துரோகியை யானை மிதித்துக் கொல்கிறது. ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இங்கே உத்தியோகம் பார்த்துத் திரும்பின ஒரு சிநேகிதரிடம் கேட்டு எழுதினார். அதனால் மைசூர் அட்டையில் வெட்டின மைசூர். அது போனால் போகிறது. மீட்கப்பட்ட பெண்ணும் மீட்டவரும் சேர்வதுகூட இல்லை. அவர் நோயில் சாகிறார். அவள் ஊருக்குத் திரும்பிக் கடைசி வரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்கிறாள். ஏன் என்று நிதானித்துச் சொல்ல ஸ்காட்டுக்கு நேரமில்லை. அவருக்கே கைவராத இடத்தில் நான் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி ஆறுதல் அடையலாம்தான். ஆனால் அவர் மற்ற கதைகளில் எழுந்து நடந்தவர்.

முயிஸுத்தீனுடைய கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 1794இல் வீடு திரும்பினான். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தான். அன்று அரண்மனைக்குள் நுழைந்த கும்பினி அதிகாரிகள் அங்கே கண்டவர்களில் அவனும் ஒருவன். அப்துல் காலிக் மறுநாள் வந்து சரணடைந்தான். இரண்டு தடவை பிடிபட்டதற்கு நடுவே கிடைத்த சுதந்திரம் ஐந்து வருஷமும் சில வாரமும். இந்தத் தடவை பிணையும் இல்லை, தவணையும் இல்லை. குடும்பத்தோடு வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள்.

அந்தக் கோட்டையில் 1806 ஜூலை 9ஆம் தேதி ஒரு கல்யாணம். மணப்பெண் திப்புவின் மகள். அந்தக் கூட்டத்தைச் சாக்கிட்டுச் சிப்பாய்கள் ஒன்று சேர்ந்தார்கள் என்பதும், விடிவதற்குள் கலகம் வெடித்ததும், புதுத் தலைப்பாகையும் தாடி எடுக்கிற உத்தரவும் அதற்குக் காரணமானதும், மைசூர்க் கொடி கோட்டையில் ஏறினதும், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று குவித்ததும் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. கல்யாண மாப்பிள்ளை யார், பெண் அந்த விடியற்காலையில் எங்கே இருந்தாள் என்பது இல்லை. மருதாணிக் கையோடு பீரங்கிச் சத்தம் கேட்டிருப்பாள். அந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு அது முதல் தடவை இல்லை. அதற்குப் பிறகு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கலகத்துக்குத் தூண்டினான் என்று முயிஸுத்தீன் மேல் சந்தேகம் விழுந்தது, அங்கேயும் கடுங்காவல்தான்.

போன மாதம் சேலத்திலிருந்து விருத்தாசலம் போகிற ரயிலில் ஏறிச் சின்னசேலத்தில் இறங்கினேன். கடிதத்துக்குப் பதில் எழுத முடியாதவன் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை. டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். காபி வந்தது. நான் யானை, அம்பாரியிலிருந்து ஆரம்பித்து வேலூர் வரை சொல்லி முடித்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தப் பையனுக்கு அம்மா செத்தது தெரியுமா தம்பி?" என்றார்.

"தெரியாமல் இருக்குமா டீச்சர்? கோட்டைக்குள்ளேதானே இருந்தான்."

"யாராச்சும் அவங்கிட்டச் சொல்லியிருக்கணும் இல்ல? யார் சொன்னாங்கன்னு போட்டிருக்குதா?"

"இல்லை."

பூண்டுத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினார். தெருவில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு போனான். "டேய், இங்க வா" என்று கூப்பிட்டார். மூச்சு வாங்க வந்து நின்றான். கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். மற்றக் கை டயரை விடவில்லை.

"என்னா வயசுடா உனக்கு?"

"எட்டு."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இத்தினியூண்டு" என்றார். உள்ளே போய் இரண்டு முறுக்கு எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அதை வாங்குவதற்காக அவன் டயரைச் சுவரில் சாய்த்து வைத்தான்.